கதிரை அளந்த காரிகை

பொன்னை நிறுத்தறியத் துலாக்கோல் உண்டு. நெல்லை முகந்தறிய மரக்கால் உண்டு. நிலத்தை அளந்தறியக் கோல் உண்டு. கண்ணுக்குத் தோன்றாததும் கைக்கு அகப்படாததுமாகிய ஒன்றை எங்ஙனம் அளப்பது? அளக்கவும் கூடும் என்று காட்டி, அவ்வளவையின் வழியே இரு புதிய தனிமங்களை உலகுக்கு அளித்தவர் மேரி கியூரி அம்மையார். அணுவின் உள்ளே நிகழ்வனவற்றை ஆராயும் விஞ்ஞானமும், புற்றுநோயைக் கதிரால் தீர்க்கும் மருத்துவமும் அவர்தம் உழைப்பினால் பெரிதும் வளம் பெற்றன.

இன்று போலந்து நாட்டின் தலைநகராக விளங்கும் வார்சாவில், 1867ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மரியா. தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். தாயார் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைவியாக இருந்தவர். அந்நாளில் வார்சா உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பள்ளிகளில் சோதனைச்சாலைப் பயிற்சியை ஆட்சியாளர் நிறுத்திவிட்டமையால், தந்தையார் தம் கருவிகளை இல்லத்திற்குக் கொணர்ந்து, கண்ணாடிப் பேழை ஒன்றில் வைத்திருந்தார். சிறு தராசுகளும், கண்ணாடிக் குழாய்களும், மெல்லிய பொன் தகடு பொருத்திய மின்காட்டி ஒன்றும் அதில் இருந்தன. சிறுமி மரியா அப்பேழையின் முன்னின்று அவற்றை வியப்போடு நோக்குவது வழக்கம். மரியா பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோதே தாயார் காசநோயால் உயிர்நீத்தார். அத்துயரிடையிலும் அவர் கல்வியில் தளரவில்லை. 1883ஆம் ஆண்டில் பொற்பதக்கம் பெற்றுப் பள்ளிப் படிப்பை முடித்தார்.

வார்சாப் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் பெண்களுக்கு இடமில்லை. அயல்நாடு சென்று கற்கப் பொருளும் இல்லை. மரியாவும் தமக்கை புரோனியாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தமக்கை முதலில் பாரிசு நகரம் சென்று மருத்துவம் பயில்வது. தங்கை செல்வர் இல்லங்களில் ஆசிரியையாக அமர்ந்து பொருள் அனுப்புவது. தமக்கை படிப்பை முடித்தபின் தங்கைக்கு உதவுவது. இவ்வாக்கினை இருவரும் தவறாது காத்தனர். 1891ஆம் ஆண்டில் மரியா பாரிசை அடைந்து சோர்பான் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். மாடியின் உச்சியில் இருந்த சிற்றறையில் குளிரும் பசியும் வருத்த, அவர் இரவும் பகலும் பயின்றார். 1893ஆம் ஆண்டில் பௌதிகத் தேர்வில் முதலிடமும், அடுத்த ஆண்டில் கணிதத் தேர்வில் இரண்டாம் இடமும் பெற்றார். 1895ஆம் ஆண்டில் பியரி கியூரி என்னும் விஞ்ஞானியை மணந்து மேரி கியூரி ஆனார்.

1896ஆம் ஆண்டில் பெக்கரல் என்னும் அறிஞர், யுரேனிய உப்புகளிலிருந்து ஒருவகைக் கதிர் தானாகவே வெளிப்படுவதைக் கண்டறிந்தார். அதன் இயல்பு யாது என்று ஆராய மேரி முனைந்தார். கதிர் புகைப்படத் தகட்டைக் கருமையாக்கியது. ஆயினும் அக்கருமை கதிரின் அளவைத் திருத்தமாகக் கூறவல்லதன்று. அதற்கு மற்றோர் இயல்பும் உண்டு. அக்கதிர் படும் காற்று மின்சாரத்தைக் கடத்தும். கதிர் மிகுந்தால் கடத்தப்படும் மின்சாரமும் மிகும். அம்மின்சாரத்தை அளந்தால் கதிரை அளந்ததாகும். ஆனால் அது மிக மிக நுண்ணியது.

அதனை அளக்க ஏற்ற கருவி கியூரி குடும்பத்திலேயே இருந்தது. படிகக்கல்லின் மெல்லிய தகட்டில் எடையைத் தொங்கவிட்டால் அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றும் என்பதைப் பியரியும் அவர் தமையனார் ஜாக்கும் 1880ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தனர். அவ்வியல்பைக் கொண்டு அமைத்த கருவியை மேரி மேற்கொண்டார். கதிரால் விளைந்த மின்னேற்றத்தைப் படிகம் தரும் மின்னேற்றத்தால் ஈடுசெய்தார். மின்னளவியின் ஒளிப்புள்ளி இடம் பெயராதிருக்கும்படி எடையைக் கையினால் மெல்ல மெல்ல மாற்றி, அதற்கு ஆகும் காலத்தை நொடிக்கடிகாரத்தால் குறித்தார். எடையினின்று மின்னேற்றம் தெரிந்தது. கடிகாரத்தினின்று காலம் தெரிந்தது. இரண்டினின்றும் கதிரின் வலிமை எண்ணாக வெளிப்பட்டது. கை நடுங்கினும், கண் பிறழினும் அளவு பிழைபடும். ஈரமிக்க சிறிய அறையொன்றில் அவர் நாள்தோறும் இப்பணியைச் செய்தார்.

அளவைகள் உண்மையைப் பேசலாயின. யுரேனியத்தைச் சூடாக்கினாலும், ஒளியில் வைத்தாலும், வேறு பொருள்களோடு சேர்த்தாலும் கதிரின் வலிமை மாறவில்லை. யுரேனியம் எவ்வளவு உண்டோ அவ்வளவே கதிரும் இருந்தது. ஆகவே இவ்வாற்றல் அணுவிற்கே உரியது என்று அவர் தெளிந்தார். இதற்குக் கதிரியக்கம் என்னும் பொருளுடைய பெயரையும் சூட்டினார்.

பின்னர் ஒரு வியப்பு நேர்ந்தது. பிட்ச்பிளெண்டு என்னும் தாது, தூய யுரேனியத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கதிர் வீசியது. கருவி பிழைத்ததோ என்று அவர் மீண்டும் மீண்டும் அளந்தார், எண் மாறவில்லை. அவ்வாறே மிகுதியாகக் கதிர் வீசிய மற்றொரு தாதுவைத் தூய பொருள்களைக் கொண்டு தாமே செய்து பார்த்தார். செயற்கைத் தாதுவில் அம்மிகுதி காணப்படவில்லை. எனவே, இயற்கைத் தாதுக்களில் அறியப்படாத வேறு தனிமம் சிறிதளவு மறைந்துள்ளது என்று துணிந்தார். பியரியும் தம் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மனைவியாரோடு சேர்ந்துகொண்டார். 1898ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முதல் தனிமத்தை இருவரும் அறிவித்தனர். அடிமைப்பட்டிருந்த தாய்நாட்டை மறவாத மேரி, அதற்குப் பொலோனியம் என்று பெயரிட்டார். அவ்வாண்டு திசம்பரில் ரேடியம் அறிவிக்கப்பட்டது.

தனிமத்தைக் கண்ணாற் காணாமல் இரசாயன அறிஞர் ஒப்புவரோ? அதனைப் பிரித்தெடுக்க ஒழுகும் கூரையையுடைய பழைய கொட்டகை ஒன்றே கிடைத்தது. தாதுவின் கழிவு டன் கணக்கில் வந்திறங்கியது. ஒரே முறையில் இருபது கிலோகிராம் வரை கொதிகலத்திலிட்டுத் தம் உயரம் இருந்த இரும்புக் கோலால் மேரி கிளறினார். நான்கு ஆண்டு உழைப்பின் பயனாக, 1902ஆம் ஆண்டில் கிடைத்த ரேடிய உப்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே. எனினும் அதன் அணு எடையை அளந்து கூற அது போதியதாயிற்று. 1903ஆம் ஆண்டில் பௌதிகத்திற்குரிய நோபெல் பரிசு பெக்கரலுக்கும் கியூரி தம்பதியர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி மேரியே ஆவார்.

ரேடியம் தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதைப் பியரி தம் கைமீதே வைத்துச் சோதித்து அறிந்தார். நலமுள்ள தசையைப் புண்ணாக்கும் கதிர், நோயுற்ற தசையையும் அழிக்குமன்றோ? இவ்வெண்ணத்தினின்றே ரேடிய மருத்துவம் தோன்றிற்று. ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்குத் தனியுரிமை பெற்றிருப்பின் அவ்விருவரும் பெருஞ்செல்வராகியிருப்பர். அவ்வாறு செய்யாது, முறையை மறைவின்றி வெளியிட்டனர்.

1906ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் பியரி தெருவில் குதிரை வண்டியின் கீழ் அகப்பட்டு உயிர் துறந்தார். மேரி இரு பெண்மக்களோடு தனித்து நின்றார். கணவர் வகித்த பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. முதல் விரிவுரையைக் கேட்கப் பெருங்கூட்டம் திரண்டது. அம்மையார் தம் துயரைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், பியரி விட்ட இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கினார்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்னும் பழமொழி ரேடியத்திற்கு முற்றும் பொருந்தும். குறைந்தால் நோய் தீராது. மிகுந்தால் நோயாளி துன்புறுவார். ஓர் ஊர் மருத்துவர் கண்ட பயனை மற்றோர் ஊர் மருத்துவரும் காணவேண்டுமாயின், எங்கும் ஒரே அளவை வேண்டும். 1911ஆம் ஆண்டில் மேரி ஏறத்தாழ 22 மில்லிகிராம் தூய ரேடிய உப்பைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மூலப்படி ஒன்றை அமைத்தார். அடுத்த ஆண்டில், வியன்னாவில் செய்யப்பட்ட மற்றொரு படியோடு அது ஒப்புநோக்கப்பட்டது, இரண்டும் ஒத்திருந்தன. குழாயைத் திறவாமலே, வெளிவரும் கதிரை அளந்து இவ்வொப்பீடு செய்யப்பட்டது. மேரி அமைத்த படியே உலகப் பொதுப்படியாயிற்று. 1911ஆம் ஆண்டில் இரசாயனத்திற்குரிய நோபெல் பரிசும் அவரை வந்தடைந்தது.

1914ஆம் ஆண்டில் பாரிசில் ரேடியம் நிலையம் எழுந்தது. அதன் ஒரு பகுதியில் மேரி பௌதிக, இரசாயன ஆராய்ச்சியை நடத்தினார். மறுபகுதியில் ரெகோ என்னும் மருத்துவ அறிஞர் புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் கண்டார். முதல் உலகப்போர் மூண்டபோது, அம்மையார் எக்ஸ் கதிர்க் கருவி பொருத்திய வண்டிகளைப் போர்முனைக்குக் கொண்டுசென்று, வீரர் உடலிற் புதைந்த குண்டுகளைக் காண உதவினார். 1921ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்கள் பொருள் திரட்டி ஒரு கிராம் ரேடியத்தை அவருக்கு வழங்கினர். அது தம் சொந்த உடைமையாகாமல் சோதனைச்சாலைக்கே உரியதாக வேண்டும் என்று, வழங்கும் நாளுக்கு முந்தைய இரவிலேயே ஆவணத்தைத் திருத்தச் செய்தார்.

1934ஆம் ஆண்டு சனவரியில் அவர் மகள் ஐரீனும் மருமகன் பிரெடரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்தனர். பொலோனியம் வீசும் துகள்களால் அலுமினியத்தைத் தாக்கிப் பின் அப்பொலோனியத்தை அகற்றியும், கதிரெண்ணும் கருவி ஒலித்துக்கொண்டே இருந்தது. தாம் கண்ட தனிமம் புதிய கதிரைப் பிறப்பித்ததை மேரி கேட்டு மகிழ்ந்தார். அப்போது அவர் விரல்கள் ரேடியத்தால் வெந்து வடுப்பட்டிருந்தன. அவ்வாண்டு சூலை 4ஆம் நாள், இரத்தம் ஊறாமற் குன்றும் நோயினால் அவர் உயிர் பிரிந்தது. நெடுங்காலம் கதிர்பட்டதே அந்நோய்க்குக் காரணம் எனக் கருதப்பட்டது. பிறர்க்கெனக் கதிரை அளந்து கொடுத்தவர், தம் உடல் ஏற்ற கதிரை அளந்தாரில்லை.

ரேடியத்தின் இடத்தை வேறு கருவிகள் ஏற்றுக்கொண்ட பின்னரும், கதிரை அளந்தே தரவேண்டும் என்னும் நெறி மாறவில்லை. கதிர்க்கூடங்களிற் பணிபுரிவோர் தாம் ஏற்கும் கதிரையும் அளந்து காத்துக்கொள்கின்றனர். 1995ஆம் ஆண்டில் பிரெஞ்சு மக்கள் அம்மையாரின் உடலைத் தம் நாட்டுப் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்திற்குக் கொணர்ந்து சிறப்பித்தனர். அவர்தம் குறிப்பேடுகளில் ரேடியத்தின் கதிர் இன்னும் தங்கியுள்ளது. அவற்றில் உள்ள எண்களோ, ஒன்றை உண்மை என்று கூறுமுன் பன்முறை அளந்து பார்த்த பெருமாட்டி ஒருவரின் வாழ்க்கையை என்றும் உணர்த்தி நிற்கின்றன.