பாட்டிலுக்குள் ஒரு காடு

மாணவச் செல்வங்களே, பூவும் விதையும் இல்லாத செடி ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம்! பெரணி என்று சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ். பழைய கிணற்றின் உட்சுவரில், ஈரமான கல் இடுக்கில், பச்சை இறகு போல விரிந்து நிற்கிறதே, அதுதான் பெரணி. இலையின் அடியில் உள்ள ஸ்போர்கள் என்னும் தூள் மூலமாக அது இனப்பெருக்கம் செய்கிறது. நிழலும் ஈரமும் இருந்தால் போதும், செழித்து வளரும்.

பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ இருந்து இதைப் படிக்கும் பிள்ளைகள், எங்கள் ஊரில் மணலும் உப்புக் காற்றும்தானே, காட்டுப் பெரணி எப்படி வளரும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்கு விடை கண்டுபிடித்தவர் லண்டனில் வாழ்ந்த ஒரு மருத்துவர். அவர் பெயர் நத்தானியேல் வார்டு.

வார்டு 1791-ல் லண்டனில் பிறந்தார். பதின்மூன்று வயதில், உங்களில் பலருடைய வயதுதான், கப்பலேறி ஜமைக்கா தீவுக்குப் போனார். அங்கே அடர்ந்த காட்டில் பனைகளையும் பெரணிகளையும் பார்த்து அசந்துபோனார். அன்றிலிருந்து செடிகள் மீது தீராத ஆசை. ஆனாலும் தந்தையைப் போல மருத்துவம் படித்து, துறைமுகத்தை ஒட்டிய ஏழை மக்கள் பகுதியில் வைத்தியம் பார்த்தார்.

பெரணியும் பாசியும் மூடிய பழைய சுவர் ஒன்று தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவருடைய சிறுவயதுக் கனவு. கொல்லையில் கற்களை அடுக்கினார். மேலே துளையிட்ட குழாய் வைத்துத் தண்ணீர் சொட்டச் செய்தார். லண்டனைச் சுற்றியிருந்த காடுகளிலிருந்து பெரணிகளைக் கொண்டுவந்து நட்டார். நிழல் இருந்தது, ஈரம் இருந்தது. இருந்தும் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. காரணம், சுற்றியிருந்த ஆலைகளின் நிலக்கரிப் புகை. எத்தனை முறை நட்டாலும் இதே கதி. கடைசியில் வார்டு அந்த முயற்சியையே கைவிட்டார்.

1829-ல் ஒரு விந்தை நடந்தது. அந்துப்பூச்சி எப்படி வெளிவருகிறது என்று பார்க்க, அதன் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் வைத்து மூடினார் வார்டு. தினமும் கவனித்தார். பகலில் மண்ணிலிருந்த நீர் ஆவியாகிக் கண்ணாடியில் துளித்துளியாகப் படிந்தது. பிறகு வழிந்து மண்ணுக்கே திரும்பியது. சில நாட்களில் மண்ணில் பச்சையாக ஏதோ தலைநீட்டியது. ஒன்று புல். மற்றொன்று பெரணி! கொல்லையில் பாடுபட்டு நட்டும் பிழைக்காத செடி, நடாமலே பாட்டிலில் முளைத்திருந்தது. மண்ணில் கலந்திருந்த ஸ்போரிலிருந்து வந்தது அது.

வார்டு பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே இரண்டு செடிகளும் உயிரோடிருந்தன. அவர் ஊரில் இல்லாதபோது மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே போனதால்தான் அவை அழுகின.

வார்டுக்கு உண்மை புரிந்தது. புகை உள்ளே வரவில்லை, ஈரம் வெளியே போகவில்லை. அப்படியானால் கடலில் போகும் செடிகளையும் இப்படியே காப்பாற்றலாமே! அக்காலத்தில் கப்பலில் அனுப்பிய செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே செத்தன. உப்புச் சாரல் இலைகளைக் கருக்கும். மாலுமிகள் குடிக்கவே நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். செடிக்கு யார் ஊற்றுவார்கள்?

1833-ல் வார்டு, பெரணியும் புல்லும் நட்ட இரண்டு கண்ணாடிப் பெட்டிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பினார். பல மாதப் பயணத்துக்குப் பின்பும் அவை பசுமையாகவே போய்ச் சேர்ந்தன. அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் திரும்பி வந்தன. வழியில் கப்பல் தளத்தில் பனி மூடியது. பிறகு வெயில் கொளுத்தியது. ஆனாலும் செடிகள் பிழைத்தன. 1842-ல் வார்டு இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். காப்புரிமை வாங்கிப் பணம் சேர்க்க நினைக்காமல், செய்முறையை எல்லோருக்கும் சொன்னார்.

அதன் பிறகு உலகமே மாறியது. சீனத் தேயிலைச் செடிகள் இமயமலை அடிவாரத்துக்கு வந்தன. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா தரும் சின்கோனா மரம் 1860-களில் நம் நீலகிரிக்கு வந்தது. 1876-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் நாற்றுகள் இலங்கைக்குப் போயின. எல்லாம் வார்டு பெட்டியில்தான்! ஆனால் ஒரு தீமையும் கூடவே வந்தது. பெட்டி மண்ணோடு பூச்சிகளும் செடி நோய்களும் நாடு விட்டு நாடு பரவின. இன்று வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவரச் சோதனையும் அனுமதியும் தேவைப்படுவது அதனால்தான். வார்டு 1868-ல் காலமானார்.

இனி உங்கள் வேலை. அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் கூழாங்கற்கள், அதன்மேல் சிறிது அடுப்புக்கரித் துண்டு, அதற்குமேல் இலைமக்கு கலந்த மண் போடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். சிறிய பெரணி ஒன்றை நர்சரியில் வாங்கி நடுங்கள். கிணற்றுச் சுவரில் பறிக்க நீங்களாக இறங்கவே கூடாது. மழைநீர் கொஞ்சம் தெளித்து மூடுங்கள். வெளிச்சம் வரும் இடத்தில், நேர் வெயில் படாமல் வையுங்கள். கண்ணாடி முழுக்க நீர் பூத்து உள்ளே தெரியாவிட்டால், சிறிது நேரம் மூடியைத் திறந்து வையுங்கள்.

உப்புக் காற்று வெளியே வீசட்டும். உள்ளே உங்கள் குட்டிக் காடு பத்திரமாக இருக்கும். தினமும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சுருண்ட தளிர் எந்த நாளில் விரிகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். பாட்டிலை மூடிவைத்துவிட்டு மறந்திருந்தால், அந்தச் சின்னப் பெரணி வார்டின் கண்ணில் பட்டிருக்குமா?