பனை காணாது பெயரிட்ட பேரறிஞர்

தமிழ் பயில்வார்க்குப் பப்ரிசியசு என்னும் பெயர் புதிதன்று. 1779இல் தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்ட யோகான் பிலிப்பு பப்ரிசியசு பாதிரியாரை நாம் அறிவோம். ஈண்டுக் கூறப்புகுவது அவர் வரலாறன்று. பூச்சியுலகிற்கே அகராதி செய்த யோகான் கிறித்தியன் பப்ரிசியசின் வரலாறு. புங்குடுதீவு இறுப்பிட்டியிற் பனையொடு வாழ்வார்க்கு இவரும் அயலாரல்லர்.

இவர் 1745 சனவரி 7ஆம் நாள், இன்று டென்மார்க்கிலுள்ள டோன்டர் நகரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1762இல் சுவீடன் சென்று, உப்சாலாவில் இலின்னேயசிடம் ஈராண்டு பாடங் கேட்டார். ஆசிரியர் பூச்சிகளைச் சிறகு கொண்டு வகுத்தார். மாணவரோ வாயுறுப்புக் கொண்டு வகுத்தார். உண்ணும் முறையே உயிரின் இயல்பைக் காட்டும் என்பது அவர் துணிபு. 1775இல் அம்முறையில் முதற் பெருநூல் வெளிவந்தது. ஆசிரியரைப் போற்றியவாறே அவரினும் வேறு வழி கண்டமை நன்மாணாக்கர்க்கு அணியன்றோ!

பின்னர்க் கீல் நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். ஆண்டு அவர் விரும்பிய வசதிகள் வாய்க்கவில்லை. மும்முறை பதவி துறக்க முற்பட்டார். மாணவர் வேண்டுகோளே அவரைத் தடுத்தது. இலண்டன், பாரிசு முதலிய நகரங்களிற் பிறர் தொகுத்த பூச்சிகளை ஆராய்ந்து, ஏறத்தாழப் பதினாயிரம் இனங்கட்குப் பெயர் சூட்டினார். அந்நாளில் தேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியிலிருந்தும் அவர்க்குப் பூச்சிகள் சென்றன.

துள்ளித் துள்ளிப் பறக்கும் சிறு வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தின் அறிவியற்பெயர், 1793இல் அவர் வகுத்த எசுப்பெரியா என்பதினின்றும் பிறந்தது. 1798இல் அவ்வினத்துள் ஒன்றற்குக் கிரேமியசு எனப் பெயரிட்டார். கரும்பழுப்பு நிறத்தது, பின்சிறகின் அடிப்புறம் சாம்பல் நிறமும் கரும்புள்ளிகளும் உடையது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. இதன் புழு பனை, தென்னை, ஈச்சை ஓலைகளை மடித்து இழையாற் பிணித்து, உள்ளிருந்து உண்டு வளரும்.

1807இல் ஆங்கிலேயர் கோப்பன்கேகனைக் குண்டெறிந்து அழித்த செய்தி பாரிசிலிருந்த அவரை வாட்டியது. விரைந்து கீல் திரும்பினார், உடல் தேறவில்லை. 1808 மார்ச்சு 3ஆம் நாள் மறைந்தார்.

அவர் கீழ்நாடு வந்தாரல்லர். அவர் கண்டது ஊசியிற் குத்திய உலர்ந்த சிறகு. மடிந்த ஓலைக்குள் துடிக்கும் உயிரை அன்று. பெயரிடுதல் அறிவின் தொடக்கமேயன்றி முடிவன்று. எஞ்சிய பாடம் வடலியின்கண் உளது. ஆசிரியர் தம் மாணாக்கரை ஒருநாள் அங்கு அழைத்துச் செல்வாராயின், அப்பேராசிரியர் காணாததை நம் சிறார் காண்பர்.