திங்களில் எழுந்த எதிரொலி

வானில் தவழும் திங்களைக் கண்டு களித்தோர் பலர். தொலைநோக்கி கொண்டு ஆராய்ந்தோர் சிலர். மண்ணிலிருந்து வானொலி அலைகளை அதன்மேல் எறிந்து, மீண்டுவரும் எதிரொலியை அறிய முயன்றோர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் அங்கேரி நாட்டுப் பௌதிக அறிஞர் சோல்தான் பாய்.

இவர் 1900ஆம் ஆண்டு சூலை மாதம் 24ஆம் நாள் அந்நாட்டின் கீழ்ப்பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். 1936ஆம் ஆண்டில் புடாபெசுட்டு நகரில் மின்விளக்குகள் செய்யும் துங்சுராம் தொழிற்சாலையின் ஆராய்ச்சிக் கூடத்திற்குத் தலைவரானார். இரண்டாம் உலகப்போரின்போது, பகைவர் விமானங்களைக் கண்டறியும் ராடார் கருவியை அமைக்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. அழிவுக் காலத்தில் பிறந்த அக்கருவியை அறிவுப்பணிக்கும் ஆக்க இவர் விழைந்தார். அக்கொடிய நாட்களில் யூத மக்கள் பலருக்குப் புகலளித்து, அவர்தம் உயிரையும் காத்தார்.

திங்கள் ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குச் சென்று மீளும் அலைக்கு இரண்டரை விநாடி ஆகும். மீண்டுவரும் அலையோ கருவியின் இரைச்சலில் மறைந்துபோகுமளவு மெலிந்தது. எனவே, சிறுதுளி பெருவெள்ளமாதல் போல, நூற்றுக்கணக்கான எதிரொலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துவைக்கும் வழியை இவர் வகுத்தார். மின்னோட்டத்தால் நீர்மத்தினின்று வாயுவை வெளிப்படுத்தும் பத்துக் கண்ணாடிக் குழாய்களை அமைத்தார். அலையை அனுப்பியபின் கழியும் நேரத்தைக் கூறிட்டு, ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு குழாயை உரியதாக்கினார். இரைச்சல் எல்லாக் குழாய்களிலும் ஒப்பச் சேரும். எதிரொலியோ தனக்குரிய குழாயில் மட்டும் மிகுந்து நிற்கும்.

இந்நிலையில் பேரிடர் ஒன்று நேர்ந்தது. 1945ஆம் ஆண்டில் சோவியத்துப் படையினர் தொழிற்சாலைப் பொறிகளைக் கழற்றிக்கொண்டு சென்றனர். ஆராய்ச்சிக் கருவிகளும் அவற்றோடு போயின. பாயும் அவர்தம் துணைவரும் மனந்தளராது, அனைத்தையும் மீண்டும் உருவாக்கினர். 1946ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள், எதிரொலிக்குரிய குழாயில் வாயு மிகுந்தது. திங்கள் விடையளித்துவிட்டது!

அதே ஆண்டு சனவரி 10ஆம் நாளிலேயே அமெரிக்கப் படைத்துறைப் பொறியாளர்கள் இச்செயலை முடித்திருந்தனர். ஆதலின் முதல்வர் என்னும் பெயர் பாய்க்கு வாய்க்கவில்லை. எனினும், மெலிந்த எதிரொலிகளைக் கூட்டி வலிமையாக்கும் அந்நெறி, பின்னாளில் வெள்ளி முதலிய கோள்களை ராடாரால் ஆராய்வதற்குப் பெருந்துணையாயிற்று.

1948ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று குடியேறிய பாய், ஒளியின் வேகத்தைக்கொண்டு மீட்டர் அளவை வரையறுக்க வேண்டுமென வாதிட்டார். 1983ஆம் ஆண்டில் உலகம் அம்முறையை ஏற்றுக்கொண்டது. 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கருவிகளைக் கவர்ந்து செல்லலாம். கற்ற அறிவையும் கலங்கா உள்ளத்தையும் கவர்ந்து செல்ல ஒருவராலும் இயலாது. இவ்வுண்மைக்கு அவர் வாழ்வே சான்றாகும்.