தேயிலை மன்னரும் மலையகத் தாயும்

ஹப்புத்தளைக்கு வரும் உல்லாசப் பயணிகளில் பெரும்பாலானோர் விடியற்காலையிலேயே தம்பேதன்ன தோட்டத்தின் உச்சிக்கு ஏறிவிடுவர். 1,900 மீற்றருக்கும் அதிக உயரத்திலுள்ள அவ்விடம் லிப்டன் சீட் என அழைக்கப்படுகின்றது. அங்கு அமர்ந்து தமது தேயிலை மலைகளைப் பார்வையிட்டதாகக் கூறப்படும் சேர் தோமஸ் லிப்டனின் பெயரை அறியாத நாடு இல்லை எனலாம். ஆயினும், அப்பெயருக்குரிய மனிதர் தாய்ப்பாசத்தையே தமது குடும்ப வாழ்வாகக் கொண்டிருந்தவர் என்பதும், வாரிசின்றி மறைந்தவர் என்பதும் பலரும் அறியாத செய்திகளாகும்.

லிப்டன் 1848ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தின் ஃபெர்மனா பகுதியைச் சேர்ந்தவர்கள். 1840களில் அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கடல் கடக்கச் செய்தபோது, இக்குடும்பமும் பிழைப்புத் தேடிக் கிளாஸ்கோவின் நெருக்கடி மிகுந்த தொழிலாளர் குடியிருப்பில் வந்து தங்கியது. தாய் ஃபிரான்சஸ் பெற்ற பிள்ளைகளுள் தோமஸைத் தவிர ஏனையோர் இளமையிலேயே மரணமாயினர். எஞ்சிய ஒரே மகன் மீது தாய் கொண்ட பற்றும், தாய் மீது மகன் கொண்ட பற்றும் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முட்டை, வெண்ணெய், பன்றியிறைச்சி ஆகியவற்றை விற்கும் சிறு கடையொன்றைப் பெற்றோர் நடத்தி வந்தனர். பாடசாலைப் படிப்பை விரைவிலேயே முடித்துக்கொண்ட மகன் எடுபிடி வேலைகள் பார்த்தார். கப்பலில் பணியாளராகவும் இருந்தார். பதின்ம வயதிலேயே அமெரிக்கா சென்று வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவின் நெல் வயல்களிலும் கூலியாக உழைத்தார். நியூயோர்க்கின் மளிகைக் கடையொன்றில் விற்பனைக் கலையைக் கற்றார். 1870இல் ஊர் திரும்பியபோது தாய்க்கென ஓர் ஆடுநாற்காலியையும் ஒரு பீப்பாய் மாவையும் கொண்டு வந்ததாக அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அடுத்த ஆண்டே ஸ்டொப்குரொஸ் வீதியில் தமது முதற் கடையைத் திறந்தார். 1888இல் அவருடைய கடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 300ஐ எட்டியிருந்தது.

செல்வம் பெருகிய வேளையில் வீடு வெறுமையாயிற்று. 1889இல் தாயும், 1890இல் தந்தையும் காலமாயினர். உடன்பிறப்போ மனைவியோ பிள்ளைகளோ இல்லாத நிலையில், அதே 1890ஆம் ஆண்டில் லிப்டன் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். புகையிரதப் பாதை அப்போது நானுஓயா வரையிலேயே அமைக்கப்பட்டிருந்தது. ஹப்புத்தளைக்கு 1893இலும், பதுளைக்கு 1924இலுமே புகையிரதம் வந்தது. 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பிப் பயிர் அழிந்து, தோட்டத்துரைமார் பலர் கடனாளிகளாகி, நிலம் மலிந்து கிடந்த காலம் அது. கோப்பியை இழந்த மண் தேயிலையால் மறுவாழ்வு பெற்றுக்கொண்டிருந்தது. தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கிய லிப்டனுக்கும் அம்மண் இரண்டாவது வாழ்வொன்றை அளித்தது என்றால் மிகையாகாது.

செங்குத்தான மலைகளில் பறித்த கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்கு இறக்குவதற்குக் கம்பிவடம் அமைத்தார். இடைத்தரகரை நீக்கி, தேயிலையைச் சிறு பொதிகளாக்கி, தொழிலாளர் குடும்பங்களும் வாங்கக்கூடிய விலையில் விற்றார். செல்வந்தர் வீட்டுப் பானம் சாதாரண மக்களின் அடுப்படிக்கு வந்து சேர்ந்ததில் அவரது பங்கு பெரிது.

அக்கொழுந்தைப் பறித்த கைகள் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த பெண்களுடையவை. அவர்களும் பஞ்சத்தினாலும் கடனினாலும் ஊரை விட்டவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். அயர்லாந்தின் பஞ்சத்தால் கிளாஸ்கோவுக்குப் பெயர்ந்த ஃபிரான்சஸ் லிப்டனுக்கும், லயக் காம்பராவில் ஒண்டிய மலையகத் தாய்க்கும் இடையே மொழியும் கடலும் வேறாயினும் துயரம் ஒன்றே. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டிய தாய், கைக்குழந்தையை ஒரு கிழவியிடம் ஒப்படைத்தாள். பிற்காலத்தில் அதற்கெனப் பிள்ளை மடுவங்கள் அமைந்தன. தாயை இழந்த பிள்ளையை அம்மாயியோ சித்தியோ அடுத்த காம்பராக்காரியோ ஏற்று வளர்ப்பது லயத்து வழக்கமாயிற்று. சட்டமும் பத்திரமும் இல்லாத அந்த வளர்ப்புரிமையே பல தலைமுறைகளைக் காத்தது.

லிப்டன் ஈகையற்ற மனிதரல்லர். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவையொட்டி இலண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க 25,000 பவுண் வழங்கினார். அடுத்த ஆண்டில் சேர் பட்டம் பெற்றார். ஏழைகளுக்குக் குறைந்த விலையில் உணவு வழங்கும் நிதியத்துக்கு 100,000 பவுண் கொடுத்தார். 1915இல் சேர்பியாவில் நச்சுக்காய்ச்சல் பரவியபோது, மருத்துவர்களையும் தாதியரையும் ஏற்றிச் செல்லத் தமது உல்லாசக் கப்பலைத் தந்துதவினார். அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து தடவைகள் போட்டியிட்டு ஐந்திலும் தோற்றார். முகம் கோணாது தோற்ற அவருக்கு அமெரிக்க மக்கள் சிறு சிறு தொகைகளாகப் பணம் சேர்த்துப் பொற்கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தனர்.

1931 ஒக்டோபர் 2ஆம் திகதி அவர் மறைந்தார். கிளாஸ்கோவில் பெற்றோர் துயிலும் கல்லறையிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். சொத்தின் பெரும்பகுதியைப் பிறந்த நகருக்கே எழுதி வைத்திருந்தார். அதில் முதன்மையானது ஏழைத் தாய்மாருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் உதவ வேண்டுமென்ற ஏற்பாடு. அது தாயின் நினைவாகவே செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த இல்லம் தாதியர் இல்லமாயிற்று. பெற்ற தாயிடம் இனிச் செலுத்த இயலாத அன்பை, முகம் அறியாத தாய்மாரிடம் செலுத்தி நிறைவு கண்டார். குடும்பம் அமையாத ஒருவர் ஒரு நகரத்தின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்றது போற்றுதற்குரியதே.

ஆயினும், அந்த அன்பின் எல்லை கிளாஸ்கோவுடன் நின்றுவிட்டதை வரலாறு மறைக்க இயலாது. அவரை உலகறிந்த பெயராக்கிய தேயிலை மலைகளில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்பது 1984இலேயே நடைமுறைக்கு வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் புறப்பட்ட புகையிரதங்கள் பல குடும்பங்களை இரண்டாகப் பிரித்தன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. அன்று காலை பாடசாலைக்குச் சென்றதால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்து நின்றனர்.

இறந்த மனிதரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமன்று. அவர் தம் காலத்தின் வணிகர்; தம் தாய்க்கு நல்ல மகன். அவரது மரணசாசனம் சொல்லாமல் சொன்ன நீதி ஒன்றுண்டு: உழைப்பால் நலிந்த தாயையும் அவள் பிள்ளையையும் காப்பது, அவர்கள் உழைப்பால் வளம் பெற்றவர்களின் கடன். அந்நீதி ஊவாவுக்கும் பொருந்தும். பாதுகாப்பான நிலத்தில் உரித்துடன் கூடிய ஒரு வீடும், பயிற்சி பெற்ற பணியாளருடன் கூடிய ஒரு பிள்ளை மடுவமும், பெற்றோரை இழந்த பிள்ளையை வளர்க்கும் உறவினர்க்கு முறையான உதவியும் யாசகமாகக் கேட்கப்படுபவையல்ல. அரசாங்கமும் தோட்டக் கம்பனிகளும் செலுத்தாமல் வைத்திருக்கும் பழைய கடன் அவை. லிப்டன் சீட்டுக்கு ஏறுவோர் உச்சியிலிருந்து தெரியும் காட்சியோடு திரும்பிவிடாமல், வழியில் உள்ள லயங்களையும் ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது.