கெமிஸ்ட்ரியில் சுமாராகத் தேறிய லூயி பாஸ்ச்சர்



தினமும் வாங்கும் பால் பாக்கெட்டில் 'பாஸ்ச்சரைஸ்டு' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல் லூயி பாஸ்ச்சர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரிலிருந்து வந்தது. தேர்வு முடிவுகள் வந்து சில வீடுகளில் பேச்சே குறைந்துபோயிருக்கும் இந்த நேரத்தில், அவருடைய மாணவப் பருவத்தை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

1822 டிசம்பர் 27 அன்று கிழக்கு பிரான்ஸில் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். வளர்ந்தது ஆர்புவா என்ற சிற்றூரில். படிப்பில் பையன் நடுத்தரம்; படம் வரைவதில் கெட்டிக்காரர். 15 வயதில் மேற்படிப்புக்குப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். வீட்டு ஏக்கத்தில் வாடிப்போனவரைச் சில வாரங்களிலேயே அப்பா வந்து திரும்ப அழைத்துப் போனார்.

பிறகு பெசான்ஸோன் நகரில் சேர்ந்தார். 1840-ல் இலக்கியப் பிரிவில் தேறினார். 1841-ல் அறிவியல் பிரிவில் தோல்வி. 1842-ல் மறுபடி எழுதித் தேறினார். ஆனால் கெமிஸ்ட்ரியில் கிடைத்தது 'சுமார்' என்ற மதிப்பீடுதான். அதே ஆண்டு, பாரிஸில் ஆசிரியர்களை உருவாக்கும் புகழ்பெற்ற எகோல் நார்மால் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையும் எழுதினார். முதல் கட்டத்தில் தேறிவிட்டார். தரவரிசையில்தான் பின்தங்கியிருந்தார்.

நாமாக இருந்தால் வந்தவரை லாபம் என்று பேசாமல் இருந்திருப்போம். அவர் அப்படி நினைக்கவில்லை. அந்த வாய்ப்பை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் எழுதுவது என்று முடிவு செய்தார்.

அந்த ஓராண்டை அவர் எப்படிச் செலவிட்டார் என்பதைக் கவனியுங்கள். பழைய இடத்திலேயே பழைய பாடத்தைத் திருப்பிப் படிக்கவில்லை. முன்பு இருக்க முடியாமல் திரும்பி வந்த அதே பாரிஸுக்குப் போனார். தங்கிய விடுதியில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கட்டணத்தில் சலுகை பெற்றார். சோர்போன் பல்கலைக்கழகத்தில் துமா என்ற பேராசிரியரின் வேதியியல் சொற்பொழிவுகளை விடாமல் கேட்டார். சுமாராகத் தேறிய பாடமே பிடித்த பாடமாயிற்று. 1843-ல் முன்வரிசையில் தேறி எகோல் நார்மாலில் சேர்ந்தார்.

மற்றதெல்லாம் உலகம் அறிந்தது. 1848-ல் டார்டாரிக் அமில வகைப் படிகங்களைப் பற்றிய கண்டுபிடிப்பு. பிறகு, நொதித்தலுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்ற விளக்கம். 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குத் தடுப்பூசி. அந்தப் பையன் பிழைத்தான். நம் குன்னூரில் 1907 முதல் இயங்கிவரும் தடுப்பூசி நிறுவனமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1895-ல் அவர் காலமானார்.

நான் காமர்ஸ் படித்தவன். வங்கியில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன். அந்தப் பார்வையில் சொல்கிறேன். மறுபடி எழுதும் ஓராண்டைச் செலவு என்று எழுதுவதா, முதலீடு என்று எழுதுவதா என்பது, அந்த ஆண்டில் என்ன மாறப்போகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் பிள்ளை இன்னொரு முறை எழுதுகிறேன் என்று கேட்டால், உடனே மறுக்காதீர்கள். உடனே கோச்சிங் கட்டணமும் கட்டிவிடாதீர்கள். அந்தக் கனவு பிள்ளையுடையதா, உங்களுடையதா என்று பாருங்கள். இந்த முறை எதை மாற்றிப் படிக்கப் போகிறாய் என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால், அந்த ஓராண்டை மனதாரக் கொடுங்கள். பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற கவலை வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள்தானே!