கட்டடத்துக்குள் போன் எங்கே இருக்கு? வைஃபை கண்டுபிடிப்பது எப்படி? 1895-லேயே வழிகாட்டிய ஜெகதீஷ் சந்திர போஸ்!

அருப்புக்கோட்டை - திருச்சுழி பக்கம் கரிசல் காட்டு வெட்டவெளியில் நின்றால், ஜிபிஎஸ் நம்ம இடத்தைச் சட்டென்று காட்டிவிடும். ஆனால் நூற்பாலைக்குள்ளோ, மாடி ஜவுளிக்கடைக்குள்ளோ போய்விட்டால் செயற்கைக்கோள் சிக்னலைக் கூரையும் சுவரும் மறித்துவிடும். அங்கே கைகொடுப்பது வைஃபை பெட்டிகள்தான். கம்பியில்லா அலை சுவரைத் தாண்டும் என்று ஊரறியக் காட்டியவர் ஓர் இந்தியர்.

யார் இந்த போஸ்?

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங்கில் பிறந்தார் ஜெகதீஷ் சந்திர போஸ். இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அங்கே வெள்ளைக்காரர்களை விட இந்தியர்களுக்குச் சம்பளம் கம்மி. அதை ஏற்காத போஸ், 3 வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

சுவரைத் தாண்டிய அலை

வசதியான ஆய்வுக்கூடம் கிடையாது. சின்ன அறையில், உள்ளூர் தொழிலாளியை வைத்தே கருவிகள் செய்தார். 1895-ல் கல்கத்தா டவுன்ஹாலில் அவர் அனுப்பிய அலை, சுவர்களைக் கடந்து போய் மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது.

5 மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்ணலைகளையும் அவர் ஆராய்ந்தார். அதாவது 60 கிகாஹெர்ட்ஸ். இன்றைய அதிவேக வைஃபையில் ஒரு வகை இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது.

இடம் எப்படித் தெரிகிறது?

அலை சுவரைத் தாண்டும். ஆனால் வலு குறையும். தூரம் கூடினாலும் குறையும். இதுதான் துப்பு. ஒரே போனின் சிக்னல் 3 வைஃபை பெட்டிகளில் எவ்வளவு பலமாகக் கிடைக்கிறது என்று ஒப்பிட்டால், சில மீட்டருக்குள் இடம் பிடிபடும். புதிய முறையில், அலை போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். ஒரு நானோ நொடியில் அலை 30 செ.மீ. ஓடும். அந்தக் கணக்கில் 1 - 2 மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும்.

பெயர் யாருக்கு?

கண்டுபிடிப்பை வைத்துக் காசு பார்க்க போஸ் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்திய பிறகே, அலையை உணரும் கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கம்பியில்லாத் தந்திக்கான நோபல் பரிசு 1909-ல் மார்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது.

1937 நவம்பர் 23-ல் போஸ் காலமானார். அவரது நுண்ணலைச் சோதனைகளை ஐஇஇஇ என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு மைல்கல்லாக அறிவித்தது 2012-ல்தான். அதற்குள் அவர் மறைந்து 75 வருஷம் ஓடிவிட்டது.