பெருந்தலைவர் எம்.சி. ராஜா: நியமனத்திலிருந்து வாக்குச்சீட்டு வரை

தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 இடங்கள் பட்டியல் சாதியினருக்கும் 2 இடங்கள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த எண்களை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் நம் தெருவுக்கும் வருகின்றனர், கை கூப்புகின்றனர். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன் நம்மவர் ஒருவர் சட்டமன்றத்தினுள் செல்வதற்குத் தேர்தல் என்னும் தலைவாயில் திறக்கப்படவில்லை. ஆளுநரின் நியமனம் என்னும் திட்டிவாசல் ஒன்றே இருந்தது. அத்திட்டிவாசலின் வழியே உள்ளே சென்று, தலைவாயிலைத் திறக்கப் பாடுபட்டு, பின்னர் அத்தலைவாயிலின் வழியாகவே மக்கள் பிரதிநிதியாய் வந்து, அப்போதும் முடியாதது எது என்பதை நேரில் கண்டறிந்தவர் பெருந்தலைவர் எம்.சி. ராஜா. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவரது வாழ்வை நினைவுகூர்வது நம் கடமை என்று கருதுகிறோம்.

ஆசிரியராய்த் தொடங்கிய வாழ்வு

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும், பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் கற்றார். நம்மவர் குழந்தைகள் பள்ளித் திண்ணையைக்கூட மிதிக்க இயலாதிருந்த காலம் அது. கல்வி பெற்ற ராஜா அரசாங்க உத்தியோகத்தின் நிழலில் ஒதுங்கிவிடவில்லை. பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றினார். மாணவர்க்கான பாடநூல்கள் எழுதினார். ஆசிரியப் பணியோடு பொதுப்பணியும் சேர்ந்தது. 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். சபையின் சார்பில் மனுக்கள் எழுதுவதும், அதிகாரிகளைக் கண்டு பேசுவதும், ஊர்தோறும் சென்று கூட்டம் நடத்துவதும் அவர் வாழ்வின் பெரும்பகுதி ஆயின.

நியமன உறுப்பினர்

1919ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி சென்னை மாகாணத்துக்கு விரிவான சட்டமன்றம் ஒன்று அமைந்தது. அதன் உறுப்பினர் 127 பேர். அவர்களுள் 98 பேர் தேர்தலால் வந்தனர். ஏனையோர் நியமனத்தால் வந்தனர். தாழ்த்தப்பட்ட வகுப்பார் அனைவர்க்கும் சேர்த்து நியமன இடங்கள் 5 மட்டுமே. நிலமும் வரியும் உடையவர்க்கே வாக்கு என்றிருந்தமையால், சேரியில் வாழ்ந்தோரில் வாக்காளர் என்று பெயர் பெற்றோர் மிக அரியர். எனவே நம்மவர் தேர்தலில் நின்று வெல்வது என்பது கனவிலும் எட்டாததாய் இருந்தது. அம்முதற் சட்டமன்றத்தில் இடம் பெற்றவர்களுள் ராஜாவும் ஒருவர்.

ஐந்து பேர் என்ன செய்துவிட முடியும் என்று நாம் கேட்கலாம். ராஜா முதலில் கையில் எடுத்தது பெயரை. அரசாங்க ஏடுகளில் நம்மைப் பஞ்சமர் என்றும் பறையர் என்றும் இழிவு தோன்ற எழுதி வந்தனர். அவற்றை நீக்கி, தமிழ் மாவட்டங்களில் ஆதிதிராவிடர் என்றும், தெலுங்கு மாவட்டங்களில் ஆதி ஆந்திரர் என்றும் வழங்க வேண்டும் என்று அவர் மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1922இல் அரசாணை பிறந்தது. ஒருவனை எப்பெயரிட்டு அழைக்கிறோமோ அப்பெயரிலேயே பள்ளிச் சேர்க்கை, நிலப்பட்டா, நீதிமன்ற ஆவணம் யாவும் அமைகின்றன. ஆகவே இது வெறும் சொல் மாற்றம் அன்று. இரு ஆண்டுகள் கழித்து, 1924இல், அதே மன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் யாவரும் பயன்படுத்தும் உரிமைக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். திட்டிவாசல் வழியே வந்தவர்களும் வீணே இருந்துவிடவில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

ராஜா தொடக்கத்தில் நீதிக்கட்சியோடு இணைந்து நின்றார். 1921இல் சென்னைப் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. அவ்வேளையில் கட்சித் தலைவர்கள் சிலர் நடந்துகொண்ட விதம் அவரைப் புண்படுத்தியது. 1923இல் அவர் அக்கட்சியினின்று விலகினார். மற்றவர் கட்சியில் நமக்குக் கிடைக்கும் ஆதரவு எவ்வளவு தூரம் வரும் என்னும் கேள்வி அன்றே அவர் உள்ளத்தில் எழுந்திருக்க வேண்டும். பின்னர் 1927 முதல் 1937 வரை தில்லியில் மத்திய சட்டசபையின் நியமன உறுப்பினராய் விளங்கினார். சைமன் குழுவோடு இணைந்து ஆராய அமைக்கப்பட்ட இந்திய மத்தியக் குழுவிலும் இடம் பெற்றார். அகில இந்திய அளவில் தாழ்த்தப்பட்டோர் அமைப்பின் தலைவராகவும் அறியப்பட்டார்.

யார் வாக்கால் வருவது?

நம் இளைஞர்கள் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டிய பகுதி இனி வருகிறது. 1930ஆம் ஆண்டளவில் நமக்குச் சட்டமன்ற இடங்கள் வேண்டும் என்பதில் நம் தலைவர்களிடையே வேறுபாடு இல்லை. அவ்விடங்களுக்கு வருவோரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு. தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தேர்வது ஒரு முறை. இது தனி வாக்காளர் தொகுதி எனப்பட்டது. இடம் நமக்கு ஒதுக்கப்பட்டிருக்க, எல்லாச் சாதியாரும் கூடி வாக்களிப்பது மற்றொரு முறை. இது கூட்டு வாக்காளர் தொகுதி எனப்பட்டது. இன்று நாம் தனித்தொகுதி என்று சொல்வது இந்த இரண்டாம் முறையைச் சேர்ந்தது என்பதை மறக்கலாகாது.

இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் உரிமைக்காக வாதாடினர். ராஜாவுக்கு அம்மாநாட்டில் இடம் கிடைக்கவில்லை. முன்னர்த் தனி வாக்காளர் தொகுதியை ஆதரித்து வந்த அவர், 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். மக்கள் தொகைக்கு ஏற்ற இட ஒதுக்கீடும், கூட்டு வாக்காளர் தொகுதியும் அதன் சாரம். ஊரில் பெரும்பான்மையாய் உள்ளவரின் உறவை முற்றிலும் அறுத்துக்கொண்டு நம் மக்கள் முன்னேற இயலுமா என்பது அவர் கவலை. பிறரிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டியவன் தன் மக்களுக்காக அஞ்சாமல் பேச இயலுமா என்பது அம்பேத்கரின் கவலை. இரண்டும் நம் மக்களின் நலனிலிருந்தே எழுந்தவை. ஒருவரைத் துரோகி என்றும் மற்றவரைத் தியாகி என்றும் பிரித்துப் பேசுவது வரலாற்றைப் படிக்கும் முறை ஆகாது.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டது. அதன்படி தாழ்த்தப்பட்டோர்க்கு மாகாண மன்றங்களில் 71 தனி இடங்கள் கிடைத்தன. பொதுத் தொகுதியிலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்பதால் இரட்டை வாக்குரிமையும் கிடைத்தது. அதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் செப்டம்பர் 20ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அம்பேத்கர், சீனிவாசன், ராஜா மூவரும் அதில் ஒப்பமிட்டனர். இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 18இலிருந்து 30 ஆயின. தனி வாக்கு மறைந்தது. அதற்கு ஈடாக, நம் வாக்காளர் மட்டும் கூடி முதற்கட்டத் தேர்தலில் நால்வரைத் தெரிந்தெடுப்பதும், அந்நால்வருள் ஒருவரைப் பொது வாக்காளர் அனைவரும் தேர்வதும் என்னும் இருகட்ட முறை வகுக்கப்பட்டது.

1937ஆம் ஆண்டுத் தேர்தல்

1935ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு மேலவை, கீழவை என்னும் இரு அவைகளை அளித்தது. கீழவையாகிய சட்டப்பேரவைக்கு 215 இடங்கள். அவற்றுள் 30 நமக்கு உரியவை. வாக்குரிமை அப்போதும் எல்லார்க்கும் இல்லை. இந்திய மாகாணங்களை ஒருசேர நோக்கின், மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர்க்கே அது வாய்த்தது. எனினும் ஐந்து நியமன உறுப்பினரை அனுப்பி வைத்த நிலை மாறி, முப்பது பேர் தேர்தலில் நின்று வரும் நிலை பிறந்தது. 1937 பிப்ரவரியில் நடந்த அத்தேர்தலில் ராஜா பேரவை உறுப்பினர் ஆனார்.

காங்கிரஸ் கட்சி 159 இடங்களில் வென்றது. ஆயினும் ஆளுநரின் சிறப்பதிகாரம் குறித்த பிணக்கால் உடனே பதவியேற்க மறுத்தது. ஏப்ரல் 1ஆம் நாள் கூர்ம வேங்கட ரெட்டி நாயுடுவின் தலைமையில் இடைக்கால அமைச்சரவை அமைந்தது. ராஜா அதில் வளர்ச்சித் துறை அமைச்சர் ஆனார். சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோருள் அமைச்சர் பொறுப்பேற்ற முதற்பெருமகனார் அவரே. ஜூலை நடுவில் அந்த அமைச்சரவை விலகியது. இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி வந்தது. ராஜா மீண்டும் உறுப்பினராய் அவையில் அமர்ந்தார்.

ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும்

1938இல் அவர் குடியியல் உரிமைத் தடைகளை நீக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பொதுச் சாலை, நீர்நிலை, கிணறு, ஊர்தி, பொது நிலையம் ஆகியவற்றில் எவரையும் சாதி காட்டித் தடுப்பது குற்றம் என்று அது கூறியது. ஆளுங்கட்சியின் ஆதரவோடு அது சட்டமாயிற்று. 1924இல் தீர்மானமாய் இருந்தது பதினான்கு ஆண்டுகளில் தண்டனைக்குரிய சட்டமாய் வலுப்பெற்றது.

அதே ஆண்டில் அவர் மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவு மசோதாவையும் அவைமுன் வைத்தார். இங்கேதான் நிலை மாறியது. படிப்படியாய்ச் செல்ல வேண்டும், முதலில் மலபாருக்கு மட்டும் சட்டம் போதும் என்பது இராஜாஜியின் கருத்து. மசோதாவைத் திரும்பப் பெறுமாறு அவர் கேட்டார். ராஜா இணங்கவில்லை. காந்தியடிகளுக்கு எழுதி முறையிட்டார். இராஜாஜியிடம் நம்பிக்கை வைக்குமாறு அவர் அறிவுறுத்தினார். அவையில் ஆளுங்கட்சியின் பெரும்பான்மை எதிராக நின்றது. மசோதா தோற்றது.

பின்னர் மலபாருக்குச் சட்டம் வந்தது. 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நம்மவர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் சென்றனர். அதனைக் காக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது. மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். ராஜா கேட்டது நியாயமே என்பதைக் காலம் ஒப்புக்கொண்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டது.

இத்தோல்வி அவரைச் சிந்திக்க வைத்தது. கூட்டு வாக்காளர் தொகுதியில் நம்பிக்கை வைத்து ஒப்பமிட்டவர் அவர். முப்பது இடம் இருந்தும், அவற்றில் அமர்ந்தோரில் பெரும்பாலோர் கட்சிக்குக் கட்டுப்பட்டவராய் இருப்பின், நம் மக்களின் கோரிக்கை கட்சி அனுமதிக்கும் எல்லைக்குள்ளேயே நிற்கும் என்பதை அவையிலேயே கண்டார். தாம் முன்பு கொண்ட முடிவை மறுபடியும் ஆராயத் தயங்கவில்லை. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் நின்ற அம்பேத்கரும் ராஜாவும் ஒருங்கே சென்று நம் மக்களின் பாதுகாப்பை வலியுறுத்தினர். அடுத்த ஆண்டு, 1943 ஆகஸ்ட் 20ஆம் நாள், அறுபதாம் வயதில் ராஜா மறைந்தார்.

நமக்கு விட்டுச் சென்ற பணி

அவர் காணாதவற்றை நாம் கண்டோம். அரசியலமைப்புச் சட்டம் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்களித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் நிலமில்லாத கூலியாளும் எழுத்தறியாத தாயும் வாக்குச் சாவடிக்குச் சென்றனர். பூனா ஒப்பந்தத்தின் முதற்கட்டத் தேர்தல் முறை மறைந்தது. பொது உறுப்பினர் ஒருவரும் நம் உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து வந்த இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கின. தனித்தொகுதி நிலைத்தது. ஆனால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ராஜா சந்தித்த கேள்வி தீர்ந்துவிட்டதா? தனித்தொகுதியில் வெல்பவர் நமக்குப் பிரதிநிதியா, தம்மை நிறுத்திய கட்சிக்கு மட்டும் பிரதிநிதியா?

இக்கேள்விக்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. வாக்காளராகிய நம்மிடம் இருக்கிறது. உறுப்பினர் அவையில் எதைக் கேட்டார், எதற்கு வாக்களித்தார், எப்போது வாய் மூடியிருந்தார் என்பதைப் படித்தறிந்து கேட்கும் மக்கள் இருந்தால், எக்கட்சியின் சீட்டில் வந்தவரும் அம்மக்களுக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். அவைக் குறிப்பைப் படிக்கக் கல்வி வேண்டும். தேர்தல் முடிந்த பின்னும் கேட்கத் துணிவு வேண்டும். பள்ளி ஆசிரியராய்த் தொடங்கியவர் நம் மக்களின் முதல் அமைச்சராய் உயர்ந்தது தற்செயல் அன்று. சைதாப்பேட்டையில் அவர் பெயரால் விளங்கும் மாணவர் விடுதியில் இன்றும் நம் பிள்ளைகள் தங்கிப் படிக்கின்றனர்.

இளைஞர்களே! பதினெட்டு வயது நிறைந்தவுடன் உங்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் சேருங்கள். உங்கள் தெருவில் விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்ப்பியுங்கள். பணத்துக்கோ பிரியாணிப் பொட்டலத்துக்கோ அவ்வுரிமையை விற்கும் நிலையை நம் வீடுகளிலிருந்து அகற்றுங்கள். நம் சங்கத்தின் படிப்பகத்தில் சட்டமன்ற நடவடிக்கைகளை வாங்கி வைத்து, மாதம் ஒருமுறை கூடிப் படியுங்கள். பெருந்தலைவர் ராஜாவுக்கு இவ்வெள்ளி விழா ஆண்டில் நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவே.